மணியார்டர் அப்பன்

திருமூர்த்தி மதுக்கரையில் சிமெண்ட் லாரி ஓட்டினார். மனைவி பாப்பாயியை விட்டு வந்தபோது மகளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பாப்பாயி காங்கேயத்தில் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். பிறகு காந்திபுரத்தில் ஜெயக்கொடியோடு கொஞ்ச காலம் குடித்தனம். அங்கே மகன் பிறந்த வாரமே சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பெண்கள் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். இருவர் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் தீர்ப்பானது.

சம்பளம் வாங்கியதும் இரண்டு மணியார்டர் போட்டுவிட்டுத்தான் திருமூர்த்தி டீயே குடிப்பார். லாரி குடைசாய்ந்து கை முறிந்த மாதத்தில்கூடக் கட்டுப் போட்ட கையோடு தபால் ஆபீசில் போய் நின்றார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. லாரி ஸ்டாண்டில் யாராவது குத்திக் காட்டினால், "புள்ளைகள அம்போன்னு உட்டுப்போட்ட அப்பனா நானு? ரசீதக் காட்டட்டுங்களா?" என்பார். காட்டவும் செய்வார்.

தொண்ணூற்றாறில், மாதம் ஒரு ஞாயிறாவது பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கோர்ட்டில் அனுமதி கேட்டார். அந்த ஆசையில் பொய் இல்லை. வக்கீல் சுந்தரராஜுலு எழுதிய மனுக்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இரண்டும் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தன. புதுச்சட்டை போட்டு, இரண்டு பிஸ்கட் பாக்கெட்டோடு போனார்.

"பொண்ணு பேரு என்ன?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"கண்ணுங்க."

"பேரைச் சொல்லுங்க."

"பொறந்தப்போ அப்படித்தானுங்க கூப்பிட்டேன்."

"பையன் பேரு?"

திருமூர்த்தி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

"அவனும் கண்ணுதானுங்க."

கொங்கு நாட்டில் எல்லோரும் பிள்ளைகளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூடவே பெயரையும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இவருடைய மணியார்டரெல்லாம் தாய்மார் பெயருக்கே போனதால், அதற்குத் தேவை வரவில்லை.

"மொதல்ல பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்று நீதிபதி வாய்தா போட்டார். ஜெயக்கொடி சிரித்துவிட்டாள். பாப்பாயி சிரிக்கவில்லை.

வராந்தாவில் பாப்பாயியின் கையைப் பிடித்தபடி ஏழு வயதுப் பெண் நின்றிருந்தாள். திருமூர்த்தி குனிந்து பிஸ்கட்டை நீட்டினார்.

"உன்ற பேரென்ன கண்ணு?"

"லோகப்பிரியாங்க."

வெளியாட்களிடம் மரியாதையாகப் பேசச் சொல்லி பாப்பாயி நன்றாகத்தான் வளர்த்திருந்தாள். பிள்ளை பிஸ்கட்டை வாங்கவில்லை.

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

 திருமூர்த்தியின் சட்டைப்பையில் அத்தனை வருஷத்து ரசீதுகளும் இருந்தன. கை அங்கே போகவில்லை.

"லாரி டிரைவருங்க" என்றார் மகளிடம்.