முன்வாசல் டீச்சர், பின்வாசல் அம்மா

போன வாரம் எங்கள் எதிர் வீட்டில் இருந்த ஸ்கூலை மூடிவிட்டார்கள்.

போர்டு கிடையாது. யூனிஃபார்ம் கிடையாது. ஒரே ஒரு டீச்சர், மூன்றே மூன்று மாணவர்கள். நாலு பேரும் அதே வீட்டில்தான் குடியிருந்தார்கள். ஏனென்றால், டீச்சர்தான் அந்த மூன்று பேருக்கும் அம்மா.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் லூர்து மேரியின் ஸ்கூலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அதில் பாதி என் மனைவி கிளப்பிவிட்டது. மிச்சப் பாதி நிஜம்.

மூன்று வருஷம் முன்னால், ஒரு ஜூன் மாதம், தெருவில் எல்லாப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போக, எதிர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போகவில்லை. பெரியவள் பிலோமி. அடுத்து ஜோசப். கடைக்குட்டி அருள். அப்பா அந்தோணிக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை. காலையில் சைக்கிளில் போனால் இருட்டித்தான் வருவார். லூர்து மேரி கல்யாணத்துக்கு முன் டீச்சர் டிரெயினிங் முடித்தவர்.

"வேதக்காரங்க இல்லியா... பைபிள் மட்டும் படிச்சா போதும்னு முடிவு பண்ணிட்டாங்க போல" என்றது தெரு. தெருவுக்கு எதற்கும் ஒரு காரணம் உடனே வேண்டும், இல்லையென்றால் சாப்பாடு இறங்காது.

ஆனால் அந்த ஸ்கூல் நடந்த விதம் இருக்கிறதே... அதை நான் என் வராந்தாவில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து தினமும் பார்த்திருக்கிறேன். சின்னத் தெரு; முன்வாசல் திறந்திருந்தால் அவர்கள் பின்வாசல் வரை கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்.

காலையில் மூன்று பேரும் குளித்து, சாப்பிட்டு, மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு ஜெபம் சொல்வார்கள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வரோம்மா" என்று பின்வாசல் வழியாக வெளியே போவார்கள். சந்தில் நடந்து, தெருமுனை சுற்றி, முன்வாசலுக்கு வந்து நிற்பார்கள். அதற்குள் லூர்து மேரி முந்தானையை இழுத்துச் செருகி, கணவரின் பழைய ரிஸ்ட் வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டு, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"தோத்திரம் டீச்சர்."

"தோத்திரம். உக்காருங்க."

டீச்சர்! வாட்ச் கையில் இருக்கிற வரை அவரை அம்மா என்று கூப்பிடக் கூடாது. ஒரு மணிக்குக் கிளாஸ் முடியும். பிள்ளைகள் முன்வாசல் வழியாகக் கிளம்பி, திரும்பவும் தெருமுனை சுற்றி, சந்து வழியாகப் பின்வாசலுக்கு வருவார்கள். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு லூர்து மேரி அடுப்படியில் நிற்பார். "அம்மா, பசிக்குது."

ஒருநாள் அருள் பின்வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான். "அம்மா, டீச்சர் என்னை முட்டி போட வச்சாங்க."

"நீ என்னா பண்ணே?"

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லல."

"அப்ப சரிதான். இருந்தாலும் நாளைக்கு டீச்சர் வந்தா நான் சொல்லி வைக்கிறேன், ரொம்ப நேரம் போட வேணாம்னு."

சிரிக்காமல் சொன்னார். நான்தான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அதே அருள் இன்னொரு நாள் முன்வாசலில் வந்து நின்று, "டீச்சர், எங்க அம்மாவுக்கு ஜுரம், இன்னிக்கு ஸ்கூலு லீவு தானே?" என்று கேட்டது எங்கள் தெருவில் ரொம்ப நாள் ஓடியது.

அருள் கூட்டல் கற்றது ஜெபமாலையில். பத்துப் பத்து மணியாகக் கோத்து நடுவில் ஒரு இடைவெளி வருமே, அதைத் தடவித் தடவிப் பத்து, இருபது, முப்பது என்று போவான். ஒருமுறை வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, "மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பூகோளத்துக்கு நோணாங்குப்பம். லூர்து மேரி பிள்ளைகளைப் பஸ் ஏற்றி அழைத்துப் போய், ஆறு கடலைப் பார்த்துப் போகிற இடத்தைக் காட்டியிருக்கிறார். பாடம் முடிந்ததும் கரையிலேயே வாட்ச்சைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "வாங்கடா சாப்புடலாம்" என்று தூக்குச் சட்டியைத் திறந்தாராம். அங்கே முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் எங்கே போவது?

இதெல்லாம் பிடிக்காத ஒருவர் இருந்தார். அந்தோணியின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர். எங்கள் ஊரில் அவர்களுக்கு சொல்தா என்று பெயர். சாய்த்து வைத்த தொப்பி, நறுக்கின மீசை. முகத்தைப் பார்த்து அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. வாரம் ஒருமுறை வந்து ஆரம்பித்துவிடுவார். ஸ்கூல் என்பது அவர் வாயில் பிரெஞ்சு மாதிரி எக்கோல்தான்.

"எக்கோலுக்குப் போவாத புள்ள எதுக்கு ஆவும் லூர்து? நாலு புள்ளைங்களோட உக்காந்து படிச்சாதான் படிப்பு."

"காபி ஆறுது மாமா, குடிங்க" என்பார் லூர்து மேரி. அவ்வளவுதான் பதில்.

நிஜமான பதிலை அவர் என் மனைவியிடம்தான் சொன்னார், அதுவும் ரொம்ப நாள் கழித்து. பிலோமிக்கு வலிப்பு வரும். அஞ்சாவது படிக்கும்போது கிளாஸில் விழுந்துவிட்டாள். வாயில் நுரை. புடவைத் தலைப்பால் துடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் போனபோது அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை... உட்காரவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, அவள மட்டும் வீட்ல வச்சிக்கிட்டா என்னாக்கா? மத்த ரெண்டும் நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள் என் மனைவி.

"ஒருத்திய மட்டும் வீட்ல வச்சா அவ நோயாளி ஆயிடுவா. மூணு பேரையும் வச்சா அது ஸ்கூலு ஆயிடும்."

இதை என் மனைவி வந்து சொன்ன அன்று கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நானும் எத்தனையோ மேடைகளில் கல்வியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியம் என் வாயில் வந்ததில்லை.

ஆஸ்பத்திரி மாத்திரையில் வலிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, வராமலே போயிற்று. பிலோமிக்கும் எட்டாம் வகுப்பு வயசு வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல். எட்டாம் வகுப்பைப் பிரைவேட்டாக எழுதிப் பாஸ் செய்தால்தான் ஒன்பதாவதில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். சொல்தா கறாராகச் சொல்லிவிட்டார். "பாஸ் பண்ணலன்னா இந்த வெளயாட்டெல்லாம் போதும். தையல் மிஷின் வாங்கித் தரேன், தைக்கக் கத்துக்கட்டும்." அந்தோணி தன் அண்ணன் பேச்சைத் தட்டாதவர்.

பிலோமி என்ன நினைத்தாள் தெரியுமா? ஒருநாள் என்னிடம் ஆங்கில கிராமர் கேட்க வந்தவள் சொன்னாள்: "அதே ஸ்கூல்ல சேரணும் மாமா. நான் வுழுந்த எடத்துலயே போயி உக்காரணும்." பதின்மூன்று வயசுப் பெண். என் மகன் சேகருக்கும் அதே வயசு. அவனுக்கு எல்லா வசதியும் உள்ள ஸ்கூல், டியூஷன் வேறு. அவனுடைய லட்சியம் யார் வீட்டு மாடியில் டிவி ஆண்டெனா திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

பரீட்சை அன்று என் மனைவி சொன்னாள் என்று நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே லூர்து மேரி வாட்ச்சோடு நின்றார். "கேள்விய ரெண்டு தரம் படி. தெரிஞ்சத மொதல்ல எழுது." டீச்சர் குரல். பிறகு வாட்ச்சைக் கழற்றி மகள் கையில் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். போட்ட விரலை உடனே எடுக்கவில்லை. அவர் பயந்தது கணக்குப் பரீட்சைக்கு இல்லை. உள்ளே பிள்ளை விழுந்துவிட்டால்?

விழவில்லை. எல்லாப் பரீட்சையும் எழுதி முடித்தாள்.

ரிசல்ட் பார்க்க சொல்தாதான் அழைத்துப் போனார், சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து. லூர்து மேரி காலையிலிருந்தே முன்னறை நாற்காலியில், வாட்ச் கட்டிக்கொண்டு. ஸ்கூல் சமாச்சாரம் டீச்சரிடம்தானே வரவேண்டும்? எதிரே வராந்தாவில் நானும் என் மனைவியும். என் கையில் இருந்த பேப்பர் முந்தின நாளுடையது என்பதே எனக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. சொல்தா தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியர் காலி. முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை.

"புள்ள எங்க மாமா?" லூர்து மேரி வாசலுக்கு வந்துவிட்டார்.

"எறங்கி சந்துல ஓடிட்டா. நான் ஒண்ணும் சொல்லக் கூடாதாம், அவளே சொல்லுவாளாம்."

சந்து என்றால் பின்வாசல். பின்வாசல் என்றால் அம்மா. "போச்சு" என்றாள் என் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு.

லூர்து மேரி வாட்ச்சைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். உள்ளே நடந்தார். என் மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே. இங்கிதமா என்று கேட்காதீர்கள்.

பிலோமி பின்வாசல் படியில் நின்றிருந்தாள், உள்ளே வராமல்.

"பரவால்ல கண்ணு" என்றார் லூர்து மேரி. "அடுத்த வருசம் எழுதலாம். பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பாஸும்மா."

"என்னாடி?"

"எல்லாத்துலயும் பாஸு."

"அப்பறம் ஏண்டி பின்னால வந்தே? நான் அங்க டீச்சரா உக்காந்திருக்கேன் இல்ல?"

பிலோமி கொஞ்சம் யோசித்தாள். "டீச்சர்ட்ட சொன்னா மார்க் எவ்ளோன்னு கேப்பாங்கம்மா. உங்கிட்ட சொன்னாதான் நீ அழுவே."

அழுதார். மூன்று வருஷத்து அழுகை. என் மனைவியும் கூடச் சேர்ந்துகொண்டாள். எனக்குக் கண்ணில் தூசி என்றெல்லாம் கதை விடப் போவதில்லை, நானும்தான்.

முன்னறைக்கு வந்தபோது சொல்தா உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில். மூன்று வருஷமாக 'லூர்து' என்றே கூப்பிட்டவர், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "மெர்சி, மேதாம்" என்றார். பிரெஞ்சு ஸ்கூலில் டீச்சருக்கு நன்றி சொல்வது அப்படித்தான்.

போன வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. மூன்று பேரும் முன்வாசல் வழியாகவே கிளம்பிப் போனார்கள். பிலோமி அதே ஸ்கூலில், ஒன்பதாவது. அவள் பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்களாம், பேர் கூடச் சொன்னாள்.

இன்னொரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த ரிசல்ட் வந்த வாரமே சேகருக்கும் வந்தது. கணக்கு, சயின்ஸ் இரண்டிலும் சிவப்புக் கோடு. அன்று மத்தியானம் எங்கள் பின்வாசலில் யாரோ தட்டினார்கள். திறந்தேன். அவன்தான்.

"உள்ள இருக்கறது அப்பா மட்டும்தானா?" என்று கேட்டான்.

"அப்பா மட்டும்தான், உள்ள வா" என்று அணைத்துக் கூட்டிப்போனேன்... முன்னறையில் அவன் அம்மா என் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.