மத்தே வாய்

குரோய்டனில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு மாவோரிக் கிழவர் இருந்தார். நியூசிலாந்துக்காரர். மறதி நோய் முதலில் அவருடைய ஆங்கிலத்தைத்தான் தின்றது. மிஞ்சியது சிறுவயதில் பேசிய மாவோரி மட்டும். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது.

பிறகு என் ஷிப்டுக்கு ஒரு ஃபிஜிக்காரி வந்து சேர்ந்தாள். அவர் விரல்விட்டு எண்ணுவதைக் கேட்டுத் துள்ளினாள். அவருக்கு ருவா, தோரு, ரிமா. அவளுக்கு ருவா, தோலு, லிமா. கடலெங்கும் சிதறிய ஒரே குடும்பத்துப் பாஷைகளாம். 'வாய்' என்றால் இருவருக்கும் தண்ணீர். "உனக்கு?" என்று என்னைக் கேட்டாள். "நீ ஓயாமல் திறப்பது," என்றேன். கிழவரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அவள்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்.

சொந்தக்காரச் சொற்கள் காலை வாரும் என்பது எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் சென்னை நர்ஸிடம், "சரியான விடாயாக் கிடக்கு," என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "பேட் வேணுமா அக்கா? என்கிட்ட இருக்கு," என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சில் விடாய் என்றால் தாகம். அவளுக்கு அது மாதவிடாய். ஒரு வாரம் சிரித்தோம்.

கிழவருக்குக் கடைசியில் விழுங்கச் சிரமம். கேட்டால் மட்டும் கரண்டியால் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பிற்பகல், "மத்தே வாய், மத்தே வாய்," என்று முனகினார். ஃபிஜிக்காரி பதறிப்போனாள். ஃபிஜியில் மத்தே என்றால் நோய், சாவு. 'வாய் நி மத்தே' என்றால் மருந்து. வலி தாங்காமல் மருந்து கேட்கிறார் என்றாள். நர்ஸை அழைத்தோம். ஊசி போட்டதும் பேச்சு அடங்கியது. மறுநாள் காலை போய்விட்டார்.

நியூசிலாந்திலிருந்து மகன் வந்தார். அப்பா மருந்து கேட்டதையும் உடனே கொடுத்ததையும் அவள் பெருமையாகச் சொன்னாள். என்ன சொல்லிக் கேட்டார் என்றார் அவர். சொன்னாள்.

"அது தாகம். நாங்கள் தாகத்தை அப்படித்தான் சொல்வோம்."

உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அவளுடைய தோளைத் தொட்டார். அது ஏசுவதைவிட மோசமாக இருந்தது. அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டில் கணவரிடம், "அந்த மனுசன் தண்ணிதான் கேட்டவர்," என்று அழுதேன். "உமக்கு அவற்ர பாஷை தெரியாதுதானே, விடும்," என்றார்.

பாஷை தெரியாதுதான். ஆனால் கிழவர் அதைச் சொன்ன நேரத்தில் நான் சன்னலோரப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.