ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களும் அவர் இடது கையும்

இதை எழுதவா வேண்டாமா என்று மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குமேல் கை ஓடாது. நான் பத்தாம் வகுப்புதான். அதனால் பயம் என்று சொல்லலாம். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. ஒரு மாதிரி எழுதினால் என் வீட்டுக்காரரைக் குறைத்துச் சொன்னதாக ஆகிவிடும். இன்னொரு மாதிரி எழுதினால் சாமி பெயரில் பொய் சொன்னதாக ஆகிவிடும். இன்றைக்கும் எனக்குத் தெளிவு வரவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை என்று இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டு டிக்கெட் கிழித்தவர். வீட்டுக்கு வந்தபிறகு அந்தச் சத்தத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மகள்தான் போனில் அந்தக் குறுக்கெழுத்துப் பக்கத்தைக் காட்டிக்கொடுத்தாள். பேங்கில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் அதை நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதிர் வரும். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் விடையை அனுப்பிவிட வேண்டும். அதன்பிறகு எல்லாம் சரியாகப் போட்டவர்களின் பட்டியல், முதலில் அனுப்பியவர் முதலில் என்ற வரிசையில் வரும். பரிசு கிரிசு கிடையாது. பட்டியலில் பெயர் வந்தால் அந்த வாரம் முழுக்க மனுஷருக்கு நடையே வேறு.

அவர் தன் சொந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. தான் போன ரூட்டையே பெயராகப் போட்டார்: ‘தென்காசி செங்கோட்டை.’ கேட்டதற்கு, “தப்புப் போட்டா பஸ்ஸுக்குத்தான் கெட்ட பேரு, எனக்கு இல்லைலா” என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘பலகாரத்தில் பாதிக்குமேல் உறைப்பு, மூன்று எழுத்து’ என்று குறிப்பு இருக்கும். நாம் மிக்சர், சேவு என்று கடை கடையாக யோசிப்போம். கடைசியில் பார்த்தால் பலகாரம் என்ற வார்த்தைக்குள்ளேயே காரம் உட்கார்ந்திருக்கும். “இப்படியா ஏமாத்துவான் மனுஷன்!” என்று அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். குறுக்கே போகிற வார்த்தை எல்லாம் எனக்கு. மேலிருந்து கீழே இறங்குவது எல்லாம் அவருக்கு. ஒருத்தர் பாகத்தில் மற்றவர் கை வைக்கக் கூடாது. ரொம்ப முட்டினால் ஒரே ஓர் எழுத்து கேட்கலாம். எனக்குக் கொடுத்தது எப்போதும் சுலபமான பக்கம், கஷ்டமானது அவருடையது என்று நான் நம்பியிருந்தேன்.

“ஏட்டி, என் வார்த்தைக்கு முதல் எழுத்து உன்கிட்டதான் இருக்கு. சீக்கிரம் போடு.”

“வண்டி கிளம்ப நேரம் இருக்கு. விசில் அடிக்காதீங்க.”

“நீ ஏறுததுக்குள்ள செங்கோட்டையே வந்துரும்.”

இப்படியே நாலு வருஷம். பிறகு ஓர் ஐப்பசி மாசக் காலையில், பல் தேய்க்கப் போனவர் படியிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வரும்போது வலது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. பேச்சு முழுக்கப் போய்விட்டது. சொல்வது விளங்குகிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். “இருக்கலாம்மா, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. பேசிக்கிட்டே இருங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் வீடு அவ்வளவு சத்தமில்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. வேறு பேச்சு தோன்றாமல் புதிரை எடுத்து வாசித்தேன். அவருடைய இடது கையை என் கைக்குள் வைத்திருந்தேன். ‘பந்தியில் கடைசியில் வரும் இனிப்பு, நான்கு எழுத்து.’ பாயசம் என்று சொன்னேன். கை அமுக்கியது.

அடுத்தது அவர் பாகம். நான் ஒருநாளும் தொடாத பக்கம். வாய்க்கு வந்த வார்த்தையை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏழெட்டுக்குக் கை சும்மா கிடந்தது. ஒன்றுக்கு அமுக்கியது. கட்டத்தில் போட்டுப் பார்த்தால் பொருந்தியது. அப்படியே எல்லாவற்றையும் நிரப்பினோம். திங்கட்கிழமைப் பட்டியலில் ‘தென்காசி செங்கோட்டை’ இருந்தது. நான் ஓடிப்போய்க் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, திருநீற்றைக் கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசினேன்.

வாராவாரம் இது நடந்தது. சில வாரம் தப்பான வார்த்தைக்கும் கை அமுக்கும். அந்த வாரம் பட்டியலில் நாங்கள் இருக்கமாட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். புதிர் முடிந்தபிறகு என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

“எம்மா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. நீதாம்மா அப்பா கையை அமுக்குத.”

“நான் ஏன்ட்டி அமுக்கப் போறேன்?”

“வேணும்னு செய்யல. சரியான வார்த்தை வந்துட்டுன்னு உன் மனசுக்குப் பட்டதும் உன் கை தன்னால அமுக்குது. நீ சரின்னு தப்பா நெனைக்கிற வார்த்தைக்கும் அமுக்குதுல்லா?”

அவள் சொல்வது சரியென்றால், அவருடைய பாகத்தை இத்தனை வாரமாக நானே போட்டிருக்கிறேன். அப்படிப் போட எனக்கு எங்கிருந்து தெரியும்? முன்னாலேயே தெரிந்திருந்தால் நாலு வருஷமாக ஏன் சுலபமான பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்? அவள் சொல்வது தப்பென்றால், அவர் உள்ளே முழுசாக இருக்கிறார், எல்லாம் விளங்குகிறது, வாயைத் திறக்க முடியாமல் கிடக்கிறார். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். மறு ஞாயிறு என் கையை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தேன். அமுக்கியது. ஆனால் நான் மரக்கட்டையாகத்தான் இருந்தேனா என்று என்னைக் கேட்டால் சத்தியம் பண்ணமாட்டேன்.

ஆனி மாசம் சாரல் ஆரம்பித்ததும், புதிர் போடுகிறவர்கள் குற்றாலத்தில் சந்திப்போம் என்று பேச்சு வந்தது. குளித்த மாதிரியும் ஆயிற்று, பார்த்த மாதிரியும் ஆயிற்று. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சிதான் லாட்ஜுக்கு ஏற்பாடு செய்தார். பக்கத்திலேயே இருக்கிற ‘தென்காசி செங்கோட்டை’ வராமல் எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். புதிர்ப் பெரியவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மாசமாக இப்படி என்று கேட்டார். பிறகு, “கூட்டிண்டு வாங்கோம்மா” என்றார்.

ஆட்டோ வைத்து, நானும் மகளுமாக அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். லாட்ஜ் முன்பக்கத்துக் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சாரல் உள்ளே வரைக்கும் அடித்தது. அவர் முகத்தை நிமிர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

மண்டி அண்ணாச்சி குனிந்து அவர் காதருகே, “அண்ணாச்சி, உங்களை முந்தணும்னு நானும் கோழி கூப்பிட எந்திரிக்கேன். ஒரே ஒரு தடவதான் முந்தினேன்” என்றார்.

பின்னால் நின்ற ஒருத்தர் மண்டி அண்ணாச்சியிடம், “அதையும் உம்ம வீட்டம்மாலா போட்டாங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் உதட்டின் இடது ஓரம் விலகியது. சிரித்தார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மகள் தன் சந்தேகத்தைப் பெரியவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் வந்தார்.

“அம்மா, வருத்தப்படலேன்னா ஒண்ணு செஞ்சு பாக்கலாமா? குறிப்பை நான் ஐயா காதுல மட்டும் சொல்றேன். உங்களுக்குத் தெரிய வேண்டாம். ஒரு சீட்டுல அஞ்சு வார்த்தை எழுதித் தரேன். அதுல எதுக்குக் கை அமுக்கறதுன்னு பாப்போம்.”

குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மனை நினைத்துக்கொண்டு சரி என்றேன். பெரியவர் அவர் காதில் ஏதோ சொன்னார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, சீட்டில் இருந்த ஐந்து வார்த்தைகளையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கை அசையவில்லை. மறுபடியும் முதலில் இருந்து வாசித்தேன். அப்போதும் அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

பெரியவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயையோ! விடையை நான் எழுதவே இல்லையே!”

புதிர் கட்டும்போது விடையை எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கமாட்டாராம். யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று மனசுக்குள்ளேயே வைத்திருப்பாராம். அந்தப் பழக்கத்தில், குழப்பி விடுகிற வார்த்தைகளாக ஐந்தையும் எழுதிவிட்டு விடையை உள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டார்.

மண்டி அண்ணாச்சி துள்ளிவிட்டார். “பாத்தீங்களா! தப்பு ஒண்ணுக்குக்கூட அண்ணாச்சி அமுக்கல பாத்தீங்களா!”

மகள் மெதுவாக, “அம்மாவுக்குக் குறிப்பு தெரியாதுல்லா. அதான் கை அசையல” என்றாள்.

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. பெரியவர் வேறு சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார். “இன்னொரு தடவை பாத்துடலாம்மா.”

நான் வேண்டாம் என்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் களைத்துப் போயிருக்கிறார் என்று சொன்னேன். களைத்துத்தான் இருந்தார். ஆனால் நான் பயந்துவிட்டேன். எந்தப் பதிலுக்குப் பயந்தேன் என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியவில்லை.

மண்டி அண்ணாச்சி சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதிப் போட்டார். அவர் எழுதியதில் பொய் இல்லை. அது எங்கெங்கே போயிற்றோ தெரியாது. ஆவணியில் கோவில்பட்டியில் இருக்கிற என் மதினி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பல வருஷமாகப் பேச்சிழந்து கிடந்த ஒரு வங்கி அதிகாரி, குற்றாலத்து அருவித் தண்ணீரை நாற்பத்தெட்டு நாள் குடித்து, மருந்தையெல்லாம் நிறுத்தி அம்மனே கதி என்று இருந்தாராம். சாரல் முகத்தில் பட்டதும் எழுந்து நின்று, கேட்ட ஐந்து விடுகதைக்கும் வாய் திறந்து பதில் சொன்னாராம். பத்துப் பேருக்கு அனுப்பவும் என்று அடியில் போட்டிருந்தது.

படித்துவிட்டு நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அம்மா, அந்த வீட்டுக்குக் காட்டிய கருணையை எங்கள் வீட்டுக்கும் காட்டு என்று வேண்டிக்கொண்டு, எண்ணிப் பத்துப் பேருக்கு அனுப்பினேன்.

அதில் ஒருத்தி வடகரையில் இருக்கிற என் சின்னம்மா மகள். இரண்டு வாரம் கழித்து, அவள் அடுத்த வீட்டுப் பெண் என் வாசலில் வந்து நின்றாள். நெல்லும் தென்னையுமாக விவசாயம் பார்க்கிற வீடு. கையில் ஒரு கூடை, கூடைக்குள் காலிப் பாட்டில்கள்.

“எக்கா, நீங்கதான் இதை அனுப்பினீங்களாம். எந்த அருவித் தண்ணின்னு அதுல போடல. நான் ஐந்தருவியில புடிக்கேன். அதுதானா, இல்ல மெயின் அருவியா? எங்க வீட்டு மாமாவும் இப்படித்தான் விழுந்து கிடக்காங்க. பதினொரு நாள் ஆச்சு, இன்னும் வாய் திறக்கல.”

“மருந்து கொடுக்குதியாம்மா?”

“அதுதான் நிறுத்தணும்னு போட்டிருக்கே.”

அவள் போனை நீட்டினாள். நிதானமாக மறுபடி படித்தேன். சாரல். ஐந்து. பேங்க். வங்கி அதிகாரி புதிர்ப் பெரியவர். பேச்சிழந்தவர் உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறார். என் வீட்டுக் கதையையே நான் அடையாளம் தெரியாமல் கும்பிட்டு, அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

“தாயி, அது எங்க வீட்டுக்காரரும்மா. எந்திரிக்கவும் இல்ல, பேசவும் இல்ல. மாத்திரை ஒருவேளைகூட நிறுத்தினது இல்ல” என்று சொல்லி அவளை உள்ளே இழுத்துப்போய்க் காட்டினேன். அவள் அவரைப் பார்த்தாள், கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவைப் பார்த்தாள், கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் டாக்டருக்குப் போன் போட்டாள். என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள மகளை வீட்டில் விட்டுவிட்டு, நான் அந்தப் பெண்ணோடு ஆட்டோவில், புதிர், கை, சீட்டு என்று நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே வடகரைக்குப் போய், அவள் வீட்டுக்காரரைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். ரத்தக்கொதிப்பு எகிறிக் கிடந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். சாமி காப்பாற்றினார். இன்றைக்கும் படுக்கையில்தான் இருக்கிறார், ஆனால் இருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்மேல் கோபப்படவே இல்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“எக்கா, மத்தது எல்லாம் பொய்யாவே இருக்கட்டும். கையை அமுக்கி விடை சொல்லுதாங்கன்னு சொன்னீங்களே, அதாவது நெசமா? நானும் எங்க மாமா கையைப் புடிச்சுக்கிட்டுப் பேசிப் பாக்கட்டுமா?”

கையைப் பிடித்துப் பேசு, மாத்திரையையும் கொடு என்று சொன்னேன். நெசமா என்று கேட்டதற்கு, அவள் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிரை வாசிக்கிறேன். கை அமுக்குகிறது. சில வாரம் பட்டியலில் வருகிறோம், சில வாரம் வருவதில்லை. அம்மன் எங்களைக் கைவிடவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் எந்தக் கை வழியாக வருகிறாள் என்பதுதான் தெரியவில்லை.

அந்தப் பழைய செய்தி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாசம்கூட ஒருத்தர் எனக்கே அனுப்பினார். இப்போது அதில் நாற்பத்தெட்டு நாள் இருபத்தொன்றாகக் குறைந்திருக்கிறது. அதனால்தான் தயக்கத்தை விட்டு எழுதினேன். வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதையும் நாலு பேருக்கு அனுப்புங்கள், ஆனால் இருக்கிறபடி அனுப்புங்கள். அவரை எழுந்து நிற்க வைக்காதீர்கள். மாத்திரை டப்பாவை எடுத்துவிடாதீர்கள். மகள் சொன்னதை வெட்டாதீர்கள், மண்டி அண்ணாச்சி சொன்னதையும் வெட்டாதீர்கள். தெரியவில்லை என்று நான் எழுதியிருக்கிற இடத்தில் எல்லாம் தெரியவில்லை என்றே இருக்கட்டும்.