விளையாட்டு டீச்சர் ஒத்துக்கொண்ட தப்பு

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விளையாட்டு டீச்சர். பொத்தான் போடவும் கத்தரி பிடிக்கவும் எழுதவும் திணறுகிற பிள்ளைகளுக்குக் கையையும் உடம்பையும் பழக்கிவிடுவதுதான் அவர் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வருவார். மாடிப்படிக்குக் கீழே, பழைய வரைபடங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓர் அறை ஒதுக்கியிருந்தோம். மாவு பிசைவார்கள், மணி கோப்பார்கள், துணிக்கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவார்கள். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் இரண்டாம் வகுப்பிலிருந்து அவரிடம் போனவள் ஒரு வாயாடி. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். எழுத்தோ கோழிக் கிறுக்கல். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் மேஜைமேல் சரிந்துவிடுவாள். வெள்ளிக்கிழமைப் பரீட்சையிலும் இப்படியே என்றால் ஒன்றாம் வகுப்புக்கே அனுப்பிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா அழுதுவிட்டுப் போனார்.

நான் நேரே மாடிப்படி அறைக்குப் போனேன்.

"மூணு மாசமா என்னதான் பண்றீங்க மேடம்?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? இங்க நல்லாத்தானே எழுதறா," என்று நோட்டை நீட்டினார். எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. என் கோபம் இன்னும் ஏறியது.

"அப்போ கோளாறு என் கிளாஸ்லயா? வந்து பாருங்க."

வந்தார். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்தார். வாயாடியின் கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன. நழுவாமல் உட்காருவதற்கே பாதித் தெம்பு போய்விட்டால் விரலுக்கு என்ன மிஞ்சும்? மாடிப்படி அறையில் இருந்ததெல்லாம் குட்டி நாற்காலிகள்.

"தப்பு என்னோடதுதான் டீச்சர். மூணு மாசமா விரலையே பிடிச்சுத் தொங்கிட்டிருந்தேன். அவ எங்க உக்காந்து எழுதறான்னு ஒரு நாள்கூட வந்து பாக்கல."

அவளுடைய அம்மாவிடமும் அதையே சொன்னார். சால்ஜாப்பு எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கால்களைத் தினமும் பார்த்தவள் நான்தானே.

மறுநாள், அவர் வரவேண்டிய நாளாக இல்லாவிட்டாலும், ஒரு பலகைப் பெட்டியோடு வந்தார். அவரே அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. வாயாடி அதில் பாதத்தை ஊன்றி, "டீச்சர், நான் வளந்துட்டேன்!" என்று வகுப்பையே கலக்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் தாளை நான் கடைசியில்தான் எடுத்தேன். பயம்தான். பக்கம் நிறைய எழுத்து. பத்துக் கேள்விக்கும் பதில் இருந்தது. மீன் எதனால் சுவாசிக்கிறது என்பதற்கு, மூக்கால் என்று அழகாக எழுதியிருந்தாள். ஆறு சரி, நான்கு தப்பு. இரண்டாம் வகுப்பைவிட்டு அவளை இனி யாரும் அசைக்க முடியாது. தாளோடு மாடிப்படி அறைக்கு ஓடினேன்.

"நாலு தப்பு மேடம்!"

அவர் முகம் வாடி, கண் கலங்கிவிட்டது.

"அட, அழாதீங்க. இத்தனை நாள் இவ தாள்ல தப்பு எது, சரி எதுன்னே எனக்குத் தெரியாது. இவளுக்கு என்ன தெரியலைன்னு இன்னைக்குத்தான் என்னால படிக்க முடியுது. இனிமே நான் சொல்லிக்குடுப்பேன்ல?"

அவர் தாளை வாங்கி, நான்கு தப்புகளையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.