டோமினிக்கின் மூன்று தட்டு

டேங்க் மூடியைத் திறந்ததும் டோமினிக் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் சாம்பிராணிப் புகையை வாங்குவதுபோல் டீசல் வாடையை ஒரு மூச்சு இழுப்பார். "சரக்கு சுத்தமாத்தான் கீது" என்பார். மூடியைத் திருகி இறுக்கிவிட்டு இஞ்சின் பக்கம் போவார். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்ப்பின்மேல் ஸ்பானரால் மூன்று தட்டு. பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. "இப்ப அட்றா செல்ப!" அதுவரை செத்துக் கிடந்த லாரி உறுமிக்கொண்டு எழுந்துவிடும்.

கூட்டேரிப்பட்டில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி அவர் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கே பழைய லாரி நின்றாலும், டிரைவர்கள் முதலில் அவருக்குத்தான் போன் போடுவார்கள். மொபெட்டில் வருவார். அவசரப்பட மாட்டார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். கடைவாய்ப் பல்லில் பன்னிரண்டு வருஷமாக வந்து வந்து போகிற வலி. பல் டாக்டரிடம் போனதில்லை. "அவுரு எதிர்ல உக்காந்தா வலிக்காதும்மா. வலிக்காத பல்ல எப்பிடிக் காட்டுறது?" என்பார். தன்னிடம் வரும் லாரிகளும் அப்படித்தான், தன் முகத்தைப் பார்த்ததும் நோயை மறந்துவிடுகின்றன என்பதில் அவருக்குச் சற்றுப் பெருமை.

அவருக்கு வேதம் ஒன்றுதான்: "டீசல் வண்டிக்குக் காத்துதான் எமன்." பைப்பில் காற்றுப் புகுந்தால் இஞ்சின் நின்றுவிடும் என்பது உண்மை. அந்த ஓர் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் காற்று முழுவதன் மேலும் போர் தொடுத்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் சில லாரிகளின் டேங்கில் தண்ணீர் இறங்கியது. அதன்பின், தன்னிடம் வந்த லாரிகளின் டேங்க் மூடியில் இருந்த ஊசித்துளையைப் பசை வைத்து அடைத்துக் கொடுத்தார். பதினொரு லாரிகள். இனாமாகச் செய்தார். "இனிமே ஒரு சொட்டு தண்ணி எறங்காது. காத்தும் எறங்காது." அந்த மழைக்காலம் முடிந்த பிறகுதான் அந்த வட்டாரத்தில், ஓடுகிற லாரி நடுவழியில் நின்றுவிடும் பம்ப் நோய் பரவியது. வைத்தியருக்குக் கை ஓயவில்லை.

பதினொன்றில் ஒன்றுக்கு மட்டும் நோய் வரவில்லை. அது பாக்கியராஜின் லாரி. இருபத்தாறு வயது வண்டி. "நம்ம கைராசி" என்று டோமினிக் அதையே சாட்சியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் பாக்கியராஜ் காலமானார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அவருடன் பதினான்கு வருஷம் மூட்டை ஏற்றிய குமரேசன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். முதல் நடையிலேயே இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. இரண்டாம் நடையிலும் நின்றது. டோமினிக் பம்ப்பை மாற்றினார். பிறகு மாற்றிய பம்ப்பை மாற்றினார். மூன்றாவதையும் மாட்டிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார்: "வண்டி மொதலாளியத் தேடுது."

ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. பாக்கியராஜின் மகள் சகாய பிரியா ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறவள். வண்டி அப்பாவைத் தேடுகிறது என்று சொன்னவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டில் அவரைத் தேடாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் அவர்கள் யாரும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை தேடவில்லை.

அவள் அம்மா லூசியா முடிவெடுத்துவிட்டார். சனிக்கிழமை காயலான் கடைக்காரர் வந்து லாரியை எடுத்துக்கொள்வார். "நடுரோட்ல அது நிக்குதுன்னு போன் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிக்குது. போதும்." அதற்குமுன் வியாழக்கிழமை ஒரே ஒரு நடை பாக்கி. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டைகள். பிரியாவும் ஏறிக்கொண்டாள். நடுவில் டோமினிக், நான்காவது பம்ப்பை ஞானஸ்நானத்துக்குப் போகும் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விக்கிரவாண்டி தாண்டும்போது குமரேசன் கையைக் காட்டினார். "இங்கதான் பாப்பா உங்கப்பாருக்கு மொத டீ. கூட்டேரிப்பட்டுல ரெண்டாவது. எறங்கினா மூடியத் தொறந்து, குச்சிய வுட்டு டீசல் அளந்துட்டுத்தான் கிளாசத் தொடுவாரு."

"டீசல் காட்டுற முள்ளு வேல செய்யலியா?"

"முள்ளு நல்லாத்தான் கீது. அவுரு முள்ள நம்ப மாட்டாரு. என்னியும் நம்ப மாட்டாரு."

"இவரையும்தான்," என்று டோமினிக்கைக் காட்டினாள் பிரியா.

"என்னிய நம்பினாரும்மா!" என்றார் டோமினிக். "குச்சிய வுட்டுப் பாத்துட்டு நம்பினாரு."

இப்போது அப்படியெல்லாம் நிறுத்துவதில்லை என்றார் குமரேசன். தனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து டீ நிறுத்தம். ஜல்தியாகப் போய் ஜல்தியாகத் திரும்பிவிடுவார், வண்டி விட்டால்.

பிரியா இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். குச்சி இருந்தது. கத்தியால் வெட்டிய ஐந்து கோடுகள். நுனி கறுத்திருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

கூட்டேரிப்பட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இரண்டு முறை விக்கி நின்றது.

"பேஜாரு புடிச்ச பம்ப்பு" என்றபடி டோமினிக் இறங்கினார். சடங்கு தொடங்கியது. மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். "பாத்தியா, கேஸ் வெளிய போவுது." ஆனால் அவர் தோளில் கிடந்த துண்டின் ஓரம் வெளியே பறக்கவில்லை. டேங்க் வாய்க்குள் இழுபட்டது. பிரியா அதைப் பார்த்தாள். அவர் முகர்ந்து முடித்து, மூடியை இறுக்கி, ஸ்பானரை எடுத்துக்கொண்டு இஞ்சின் பக்கம் போனார்.

"மாமா, தட்டாதீங்க."

"இன்னாது?"

"தட்டாதீங்க. குமரேசண்ணா, ஸ்டார்ட் பண்ணுங்க."

லாரி உறுமி எழுந்தது. தட்டுவதற்காகத் தூக்கிய ஸ்பானர் டோமினிக்கின் கையில் அப்படியே நின்றது.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். ஊசித்துளை அதற்குத்தான். அடைத்துவிட்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். பம்ப் இழுத்து இழுத்துத் தோற்றுவிடும். அப்பா இரண்டு டீக்கும் இரண்டு முறை மூடியைத் திறந்தார். நீங்கள் முகர்ந்து பார்க்கத் திறக்கிறீர்கள். தட்டினதால் எந்த வண்டியும் கிளம்பவில்லை.

"காத்து எமன் பாப்பா," என்றார் டோமினிக், சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல். "எமன யாராச்சும் வா வான்னு கூப்புடுவாங்களா?"

அவள் மூடியை அரைச் சுற்று தளர்த்தி, மேலே துணியைக் கட்டினாள். திண்டிவனம் போய் மூட்டை இறக்கி, விழுப்புரம் வரை ஒரே மூச்சில் திரும்பினார்கள். எங்கேயும் நிற்கவில்லை. டோமினிக் வழி முழுதும் கிராம்பை மென்றுகொண்டே வந்தார். இறங்கும்போது மடியிலிருந்த புதுப் பம்ப்பைத் தடவிக் கொடுத்தார்.

"பாத்தியா, பழைய பம்ப்பு பயந்துடுச்சு. மடியில புதுசு வந்துக்கினு கீதுன்னு தெரிஞ்சுக்கிச்சு."

அன்று இரவே லூசியா காயலான் கடைக்காரருக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை, டேங்க் மூடியின் துளையைத் திறந்து வாங்குவதற்காக பிரியாவும் குமரேசனும் லாரியைக் கூட்டேரிப்பட்டுக்கு ஓட்டிப் போனார்கள். பட்டறை முன்னால் அனந்தபுரத்து லாரி ஒன்று நின்றிருந்தது. பதினொன்றில் ஒன்று. அதன் டிரைவர் கைகட்டிக் காத்திருந்தார்.

டோமினிக் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். சரக்கு சுத்தம் என்றார். பிறகு டிரைவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கோணி தைக்கும் ஊசியால் மூடியில் இருந்த பசையைக் குத்திப் பெயர்த்தெடுத்தார். துளைக்கு நேரே வாயை வைத்து ஊதிப் பார்த்தார். பெயர்த்த துணுக்கைச் சட்டைப் பையில், ஜெபமாலையோடு போட்டுக்கொண்டார். தலையைத் தூக்கியபோது எதிரில் பிரியா நின்றிருந்தாள். கிராம்பு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாறியது. மூடியைத் திருகி மாட்டினார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு இஞ்சின் பக்கம் போய், பம்ப்பின்மேல் மெதுவாக மூன்று தட்டு தட்டினார்.