வாங்க என்று சொல்லக்கூடாத கதவு

பெல்லுக்காரருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய வலது குதிகால். மனமகிழ் மன்றத்தின் இரண்டாம் மாடியில், இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலி. முக்காலிக்கு அடியில் தரையோடு தரையாக ஒரு சுவிட்ச். போலீஸ் பூட்ஸ் படியேறும் சத்தம் கேட்டால் குதிகாலால் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். உள்ளே மணி அடிக்கும், மேஜை மேலிருந்த பணம் மாயமாகும், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பேப்பர் படிக்க வந்த நல்லவர்களாகிவிடுவார்கள். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மனமகிழ் மன்றம் என்று பெயர் வைத்த புண்ணியவானைப் பிடித்து ஒரு நாள் முழுக்க உள்ளே உட்கார வைக்க வேண்டும். மகிழ்ந்த முகம் ஒன்றைக்கூட பெல்லுக்காரர் அங்கே பார்த்ததில்லை. ஜன்னல்களுக்கு அட்டை அடித்திருந்தார்கள். சிகரெட் புகையும் வியர்வையும் கழற்றிப் போட்ட ஷூக்களின் வாடையும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே குடித்தனம் நடத்தின. மூலையில் காலி பாட்டில்கள் சில இருக்கும். கையில் நல்ல சீட்டு விழுந்திருக்கும்போது எழுந்து போக மனசில்லாத பெரிய மனிதர்கள் அந்தப் பாட்டில்களில்தான் ஒன்றுக்கிருந்தார்கள். அவற்றைக் கொட்டிக் கழுவுவதும் பெல்லுக்காரர் வேலைதான். சோப்புத் தேயத் தேயக் கழுவினாலும் அந்த வாடை கையை விடாது.

அதற்கு முன்னால் அவர் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். மனைவி கண்ணை மூடிய வருஷமே தியேட்டரையும் இடித்துவிட்டார்கள். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் உட்கார்கிற வேலை என்றதும் இதுவும் டிக்கெட் கிழிப்பது மாதிரிதானே என்று நினைத்துச் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்த அன்றே மன்றத்தின் வக்கீல் அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"இங்க பாருங்க பெரியவரே, மேலதிகாரி கையெழுத்துப் போட்ட ஆர்டர் இல்லாம போலீஸ் உள்ள நுழைஞ்சா கேஸ் நிக்காது. ஆனா வாசல்ல இருக்கிற நம்ம ஆளே வாங்கன்னு கூப்பிட்டுட்டா ஆர்டர் தேவையில்ல, கேஸ் நின்னுடும். அதனால நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஆர்டர் இருக்கா சார்? அவ்வளவுதான். வாய் தவறிக்கூட வாங்கன்னு சொல்லிடாதீங்க."

கடன் கேட்டு வந்தவனைக்கூட 'வாங்க' என்று சொல்லியே வளர்ந்த நாக்கு அது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அந்த வார்த்தையை விழுங்கக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால் கற்றுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வருவார். பெல்லுக்காரர் குதிகாலை அமுக்கிவிட்டு எழுந்து நின்று, "ஆர்டர் இருக்கா சார்?" என்பார். இன்ஸ்பெக்டர் அவரைச் சுவரில் தள்ளிவிட்டு உள்ளே போவார். அகப்பட்ட நாலைந்து பேர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். பிறகு கோர்ட்டில் பெல்லுக்காரர் கூண்டில் ஏறி, "கேட்டேனுங்க, தள்ளிவிட்டுட்டுப் போனாங்க" என்பார். கேஸ் தள்ளுபடியாகும். ஒரு தடவை தள்ளியதில் முழங்கை கிழிந்து தையல் போட்டார்கள். வக்கீல் அந்தத் தழும்பை நீதிபதியிடம் காட்டியபோது பெல்லுக்காரருக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பொய்யும் பித்தலாட்டமுமான அந்த இடத்தில் தான் ஒருவனாவது பொய் சொல்லாமல் சம்பாதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். பாவம் மனிதர்.

மகளை ஒரு பைக் மெக்கானிக்குக் கட்டிக் கொடுத்தார். சொந்தமாகச் சின்ன ஷெட் வைத்திருந்தவன், கை சுத்தமான வேலைக்காரன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் பெல்லுக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது, ஷெட்டுக்கு வருகிற வாடிக்கையாளர் ஒருவரோடு மாப்பிள்ளை படியேறி வந்தான்.

"வாங்க மாப்ள" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாமனார் ஒருவருக்கு வேறென்ன சொல்ல வரும்?

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா" என்றான்.

சும்மா பார்க்க வந்தவன் தினமும் வர ஆரம்பித்தான். தினமும் கதவைத் திறந்துவிட்டது பெல்லுக்காரரின் கைதான். முதலில் தலையைக் குனிந்துகொண்டு போனவன், கொஞ்ச நாளில் அவரைப் பார்க்காமலே உள்ளே போனான். மன்றத்தின் செயலாளரிடம் போய் மாப்பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். "மெம்பர்னா எல்லாரும் மெம்பர்தான். உங்க வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க" என்று செயலாளர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். குத்தி எடுத்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். சமையலறையில் ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் சதுரமாகக் கொஞ்சம் சுத்தமான தரை மட்டும் இருந்தது. மகள் துணிக்கடை வேலையில் நின்று நின்று வீங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஷெட்டையும் விலை பேசி முடிச்சிட்டாருப்பா. அடுத்து என்னன்னு எனக்கே தெரியல" என்றாள். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அந்தக் கதவு மூடாம இருக்கிற வரைக்கும் நான் மனுஷி இல்லப்பா" என்றாள்.

பெல்லுக்காரர் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனார். அவருக்குத் தெரிந்தவரை கதவை மூட ஒரே வழிதான் இருந்தது: ஆர்டரோடு வர வேண்டும். இத்தனை வருஷமாகக் கோர்ட்டில் அவர் பார்த்ததெல்லாம் அந்த ஒரு ஓட்டையைத்தான். ஓட்டையை அடைத்துவிட்டால் தீர்ந்தது.

இன்ஸ்பெக்டர் மேஜை மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டுகள் ஃபைல்களின் மேல் விழுந்தன.

"என்ன பெல்லு, இந்தப் பக்கம்?"

"சார், அடுத்த தடவை வரும்போது ஆர்டர் வாங்கிட்டு வாங்க சார். நான் பெல் அடிக்க மாட்டேன். கேஸ் நிக்கும்."

"நின்னா?"

"மன்றத்த மூடிடுவாங்க சார்."

இன்ஸ்பெக்டர் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தார். "மூடிட்டா, மாசாமாசம் நான் எங்கய்யா போய் ரெய்டு பண்றது?"

பெல்லுக்காரருக்குப் புரியவில்லை. புரியாததைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு இரக்கமே வந்துவிட்டது.

"மேல போட்டோ கேக்குறாங்க, குடுக்குறோம். உங்க வக்கீலுக்கு ஜெயிக்க கேஸ் வேணும், குடுக்குறோம். உங்க செயலாளரும் எங்கள மறக்குறதில்ல. ஆர்டர் வாங்குறது என்ன பெரிய காரியமா? ஒரு மணி நேரத்துல வாங்கலாம். வாங்கக் கூடாதுன்னுதான் வாங்குறதில்ல. எல்லாரும் நல்லா இருக்கோம். உனக்கு மட்டும் என்ன கேடு?"

"என் மாப்பிள்ளை உள்ள இருக்கார் சார்."

"அப்ப வீட்டுல வெச்சுப் பூட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த காலைத் தூக்கி வைத்தார்.

வெளியே வந்த பெல்லுக்காரர் சாக்கடை ஓரமாக நின்று துப்பினார். வாய் காய்ந்து போகும்வரை துப்பினார். போலீஸை நினைத்து மட்டுமல்ல. அவர் கேட்ட ஒவ்வொரு 'ஆர்டர் இருக்கா?'வும், வாங்கிய ஒவ்வொரு தள்ளும், அந்த முழங்கைத் தழும்பும், எல்லாமே இவர்கள் பேசி வைத்துப் போட்ட நாடகம். அவர் ஒருவர்தான் அது நிஜம் என்று நம்பி நடித்துக்கொண்டிருந்தார். தான் சொல்லிவந்த உண்மை, இவர்களுடைய அத்தனை பொய்யையும் துடைத்துச் சுத்தம் செய்யப் பயன்பட்டிருக்கிறது. பாட்டிலைக் கழுவிய கைக்கு அது இன்னொரு கழுவல்.

அடுத்த ரெய்டு ஒரு சாயங்காலம் வந்தது. புதிதாக வந்திருந்த பெரிய அதிகாரிக்குக் காட்டுவதற்காக இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை டிவி கேமராக்காரன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு படியேறினார். பூட்ஸ் சத்தம் கேட்டது. பெல்லுக்காரர் வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பெல்லுக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து நின்றார்.

"கேளுய்யா" என்று இன்ஸ்பெக்டர் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார்.

பெல்லுக்காரர் இரும்புக் கதவை அகலத் திறந்தார். "வாங்க சார்" என்றார், தியேட்டரில் முதல் வகுப்புக்காரர்களைக் கூப்பிடுகிற அதே குரலில். "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. வாங்க, வாங்க. தம்பி, கேமராவத் தூக்கிட்டு நீங்களும் வாங்க."

மணி அடிக்காததால் உள்ளே எதுவும் மாயமாகவில்லை. சீட்டு, பணம், மூலைப் பாட்டில்கள், எல்லாம் அப்படியே கேமராவில் பதிந்தன. விரித்த சீட்டோடு அப்படியே நிமிர்ந்து பார்த்த மாப்பிள்ளையின் முகமும் பதிந்தது.

கோர்ட்டில் வக்கீல் கடைசி நிமிஷம்வரை நம்பிக்கையோடுதான் இருந்தார். கேமராவில் பதிந்ததையெல்லாம் பூசி மெழுகிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "உங்களத் தள்ளிவிட்டுட்டுத்தானே உள்ள போனாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான்தான் வாங்கன்னு கூப்பிட்டேன். வாசலுக்கு வந்தவங்கள வேற எப்படிக் கூப்பிடறது?"

வாசல் காப்பவரே அழைத்ததால் ஆர்டர் தேவையில்லை, நுழைந்தது சட்டப்படி சரி என்று தீர்ப்பானது. கேஸில் ஜெயித்த இன்ஸ்பெக்டர் இழவு விழுந்த முகத்தோடு நின்றார். மன்றத்துக்குச் சீல் வைத்தார்கள். பெரிய மனிதர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். கட்ட வக்கில்லாத மாப்பிள்ளை மட்டும் ஒரு மாதம் உள்ளே போனான்.

பெல்லுக்காரருக்கு வேலை போனது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மகள் வீட்டிலேயே வந்து தங்கினார். அவள் அந்த ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியதை இருமல் வரும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். மாப்பிள்ளை வெளியே வந்தான். மாமனாரோடு பேசவில்லை, ஆனால் சாயங்காலங்களில் வீட்டில் இருந்தான். பிறகு ஏதோ கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருப்பதாக மகள் சொன்னாள். முதல் சம்பளத்தில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வந்து அந்தச் சதுரத்தில் உட்கார்ந்தது. பெல்லுக்காரர் அதன் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

ஒரு நாள் மருந்து வாங்கப் போனவர், மருந்துக்கடைக்கு எதிர்க் கட்டடத்தில் மன்றத்தின் வக்கீல் படியேறுவதைப் பார்த்தார். கால் தானாகப் பின்னால் போனது. கீழே கட்டில் பீரோ விற்கிற கடை. மூன்றாம் மாடியில் புதுப் பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு. 'நண்பர்கள் நலச் சங்கம்' என்று போர்டு. கதவுக்கு வெளியே முக்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

அவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தான். வாயைத் திறந்தவன், என்ன சொல்ல வந்தானோ அதை அப்படியே விழுங்கிக்கொண்டான். விழுங்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன மாமா?" என்றான். அவனுடைய வலது குதிகால் தரையில் எதையோ மறைத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை மகள் சாப்பாடு போட்டாள். பெல்லுக்காரர் கை வைக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே நின்றாள். "தெரியும்ப்பா. வக்கீலே வீட்டுக்கு வந்து கூப்பிட்டாரு. உள்ள போகாம வெளியதானே உக்காந்திருக்காரு? மாசமானா சம்பளம் வருது."

"அந்தக் கதவு மூடணும்னு நீதானேம்மா சொன்ன?"

"சொன்னேன்" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "நீங்க பார்த்த வேலைதானேப்பா. அந்தச் சாப்பாட்டுலதானே நான் வளர்ந்தேன். அப்ப எவ வீட்டு ஃபிரிட்ஜு போச்சுன்னு நாம ஒரு நாளாவது கேட்டோமா?"

பெல்லுக்காரர் தட்டைப் பார்த்தார். கையை முகர்ந்து பார்த்தார். பசி இருந்தது. சாப்பிட ஆரம்பித்தார்.