புடவை மேல் போன புல்லட்

போன புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு எங்கள் தெருவில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் புடவை மேல் நடந்து போனது.

நடந்து என்றால்… நாங்கள் தள்ளிக்கொண்டு போனோம். எங்கள் கேட்டிலிருந்து எதிர் வீட்டுப் போர்ட்டிகோ வரைக்கும் என் மனைவி பத்மாவின் பழைய புடவைகள், இரண்டு பெட்ஷீட், ஒரு கோரைப்பாய். அதன் மேல் வண்டி. சேலையூர் பக்கம் இப்படி ஓர் ஊர்வலம் இதுவரை நடந்திருக்காது.

வழி கிடைக்காமல் நின்ற தண்ணீர் லாரி டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து, தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், வண்டிக்குக் கல்யாணமா? ரோட்ட அடைச்சுகினு கீறீங்க!"

"அஞ்சு நிமிஷம்ப்பா. ஆஸ்திரேலியா போகுது."

"புடவை மேலயேவா?"

நியாயமான கேள்விதான். உங்களுக்காவது முழுசாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

புல்லட் என் மச்சான் முரளியுடையது. பத்மாவின் தம்பி. என் மாமியார் காலமானபோது அவனுக்கு ஏழு வயது, பத்மாவுக்குப் பதினேழு. அன்றிலிருந்து அவனுக்கு அம்மா இவள்தான். எங்கள் கல்யாணத்தில் சீர்வரிசைப் பாத்திரங்களோடு அவனும் என் வீட்டுக்கு வந்தான். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக நசுங்கிப் போயின. முரளி வளர்ந்து, ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகி, எங்கள் மாடி ரூமில் இருக்கிறான். வயது முப்பத்தைந்து. கல்யாணப் பேச்சை எடுத்தால் 'பார்க்கலாம் மாமா' என்பான். புல்லட்டில் ஒரு சின்ன சத்தம் வந்தால் மட்டும் உடனே பார்ப்பான்.

இரண்டு மாதம் முன்னால் வந்து நின்றான். ஆஸ்திரேலியாவில் ஒரு சிநேகிதன் இருக்கிறானாம். இரண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியில் மூன்று மாதம் அந்த நாட்டைச் சுற்றப் போகிறார்களாம். இவன் தன் புல்லட்டையே கப்பலில் அனுப்பி, அங்கே போய் இறக்கிக்கொள்வானாம்.

"ஏன்டா, அங்க வாடகைக்கு வண்டி கிடைக்காதா?" என்றேன்.

"கிடைக்கும் மாமா. ஆனா அது என் வண்டி இல்லையே."

அதுவும் சரிதான். நான் தினமும் போகிற பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் வழியிலேயே மூன்று பிள்ளையார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரையும் கும்பிட்டுவிட்டு, நான் என் பிள்ளையாரிடம்தானே போகிறேன்?

வண்டிக்கென்று தனியாக, பாஸ்போர்ட் மாதிரி ஒரு புத்தகம் வாங்கினான். எனக்கே பாஸ்போர்ட் கிடையாது!

எல்லாம் நன்றாகத்தான் போனது — பத்மா காலண்டரைப் பார்க்கும் வரை. முரளி விமானம் ஏறுகிற நாளில் அவன் ராசிக்குச் சந்திராஷ்டமம். "அன்னிக்குக் கெளம்பக் கூடாது" என்றாள். டிக்கெட்டை மாற்ற முடியாது என்றான் அவன். அவ்வளவுதான். அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

முரளி எதிரிலேயே தட்டு போட்டு உட்கார்ந்திருப்பான். இவள் என்னைப் பார்த்துச் சொல்வாள்: "உங்க மச்சானுக்கு இன்னும் ரசம் வேணுமான்னு கேளுங்க."

நான் கேட்பேன். அவன் என்னிடம் சொல்வான். நான் அவளிடம் சொல்வேன். என் ரசம் ஆறிப் போகும்.

நாள், கிழமை பார்க்கிறவன்தான் நானும். அதனால் கோயில் குருக்களிடம் போனேன். விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பரஸ்தானம் வெச்சுடுங்கோ. கூடக் கொண்டு போற பொருள் ஏதாவது ஒண்ணை நல்ல வேளையில வெளியில எடுத்து, வேற ஒருத்தர் ஆத்துல வெச்சுட்டாப் பயணம் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அப்புறம் என்னிக்குக் கெளம்பினாலும் தோஷம் இல்லை."

வேட்டி, துண்டு, குடை வைப்பார்கள். எனக்குப் பொறி தட்டியது. முரளிக்கு ஒரு மாதம் முன்னாலேயே அவன் வண்டி கிளம்புகிறதே!

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். பத்மா அசரவில்லை. "பரஸ்தானம் நாலஞ்சு நாள் தாங்கும். ஒரு மாசம் தாங்குமா?"

மறுபடியும் குருக்களிடம் போனேன், இந்த முறை பத்மாவோடு. "எங்கேயும் உக்காரலையே அம்மா அது… கடல்ல போயிண்டேன்னா இருக்கும்!" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை பூப் பறித்துக்கொண்டே பத்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, மூணு மாசம்னு போறான். ஊர் புடிச்சுப் போய் அங்கயே இருந்துட்டான்னா?"

"சேச்சே. ஒரு வருஷத்துக்குள்ள வண்டி திரும்பி வந்தாகணும்னு அந்தப் புத்தகத்துக்கே கையெழுத்து வாங்கியிருக்காங்களே."

"வண்டிக்கு வாங்கிட்டாங்க. இவன்கிட்ட வாங்கினாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாமெல்லாம் இப்படித்தான், இல்லையா? 'உன்னை விட்டுட்டு இருக்கப் பயமா இருக்குடா' என்று சொல்லக் கூச்சம். 'அன்னிக்குச் சந்திராஷ்டமம்' என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

புதன்கிழமை வண்டியை ஏற்ற லாரி வருவதாக ஏற்பாடு. எத்தனை மணிக்கு? பன்னிரண்டுக்கு. சுத்தமான ராகு காலம்! அதனால் காலை நல்ல நேரத்திலேயே வண்டியை எதிர் வீட்டுக்கு மாற்றிவிடுவதென்று முடிவு. எதிர் வீட்டு ஸ்டீபன் சார் தபால் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர்.

"தாராளமா வைங்க. நானும் ஒரு ஜெபம் பண்ணிடறேன். கடல் பெரிசு சார்… ரெண்டு பக்கமும் சொல்லி வைக்கிறது நல்லது."

ஒரே ஒரு சிக்கல். ஆஸ்திரேலியாக்காரர்கள் சுத்தம் பார்ப்பவர்கள். டயர் இடுக்கில் மண், ஒரு விதை, ஒரு காய்ந்த இலை இருந்தாலும் துறைமுகத்திலேயே வண்டியை நிறுத்திவிடுவார்களாம். திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்களாம். முரளி நாலு நாள் பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்து, பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தான். எங்கள் தெருவிலோ பைப் போடத் தோண்டிய பள்ளம், ராத்திரி பெய்த மழை, கணுக்கால் அளவு சேறு.

நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பத்மா உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். புடவைகளைக் கொண்டு வந்து, அவள் கையாலேயே சேற்றின் மேல் விரித்தாள்.

முரளி ஹேண்டில்பாரைப் பிடித்தான். நானும் ஸ்டீபன் சாரும் பின்னால். பாதி வழியில் சக்கரம் புடவையோடு பள்ளத்தில் இறங்கப் பார்த்தது. "நவுரு சார் நீ, வயசானவரு!" என்று ஸ்டீபன் சாரை விலக்கிவிட்டு, லாரி டிரைவரே குதித்து வந்து ஒரு தூக்குத் தூக்கினார். வண்டி சேறு படாமல் போர்ட்டிகோவில் ஏறியது.

அப்போது பத்மா தட்டோடு வந்தாள். சந்தனம், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம். முரளியைப் பார்க்கவே இல்லை. நேராக வண்டியிடம் போய், ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைக்கக் குனிந்தாள்.

"அக்கா… வேணாம்க்கா" என்றான் முரளி. "பழம், பூ எதுவும் ஆகாது. பொட்டு வெச்சாக்கூட என்ன ஏதுன்னு கேப்பாங்க. தொடைக்கச் சொல்லிடுவாங்க."

குங்குமம் தொட்ட விரல் அப்படியே நின்றது. இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தம்பி பரீட்சைக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும் பொட்டு வைத்து அனுப்பியவள். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளோ? போய்விட்டால் இவன் எப்படி நிம்மதியாக அத்தனை தூரம் வண்டி ஓட்டுவான்? பிள்ளையாரப்பா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அந்த விரல் முரளியின் நெற்றியில் இருந்தது. அழுத்தி வைத்தாள். கொஞ்சம் பலமாகவே.

"இதையும் தொடைக்கச் சொல்வானாடா உன் ஆஸ்திரேலியாக்காரன்?"

பத்து நாளில் அவனோடு பேசிய முதல் பேச்சு.

முரளி "இல்லக்கா" என்றான். லாரி டிரைவர் சேறான தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பன்னிரண்டரைக்கு, நடு ராகு காலத்தில், துறைமுகத்துக்கு ஏற்றிப் போகிற லாரி வந்தது. பலகை போட்டு வண்டியை ஏற்றினார்கள். பத்மா கவலையே படவில்லை. "அது ஒன்பதேகாலுக்கே கெளம்பிடுச்சு" என்று டிரைவரிடமே சொன்னாள்.

அன்று ஆரம்பித்த பேச்சு. குளிர் காலமா வெயில் காலமா அங்கே, ஸ்வெட்டர் எத்தனை, மிளகாய்ப்பொடி எவ்வளவு, தினமும் எத்தனை மணிக்கு போன் பண்ணுவாய், அந்தச் சிநேகிதன் குடிப்பானா, கங்காரு குறுக்கே வந்தால் என்ன செய்வாய்… நாஷ்டாவில் தொடங்கி ராத்திரி சாப்பாடு வரை. இன்னும் நிற்கவில்லை.

நேற்றுக் காலை நான் கோயிலுக்குக் கிளம்பும்முன் பத்மா முரளிக்கு விபூதி வைத்துவிட்டது போதாதென்று குங்குமமும் வைத்துவிட்டு, அரை மணி நேரம் புத்தி சொன்னாள். அவன் தப்பித்து, நான் நின்றிருந்த பின்கட்டுக் குழாயடிக்கு வந்தான்.

"மாமா, அக்கா பேசாம இருந்த பத்து நாள் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு, தெரியுமா?" என்று முணுமுணுத்தான்.

சொல்லிவிட்டு முகம் கழுவினான்… நெற்றியில் மட்டும் தண்ணீர் படாமல்.